‘லூசியா’வை மூன்று இரவாகப் பாருங்கள்

கியூபப் படமான ‘லூசியா’வை (1968) முதல் தடவை ஒரே மூச்சில் பார்த்தேன். 2 மணி 40 நிமிடம். முதல் பகுதி முடிந்ததுமே மனசு கனத்துப்போய், மற்ற இரண்டும் உள்ளே இறங்கவே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், மூன்று இரவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். லூசியா என்ற பெயரில் மூன்று பெண்கள், மூன்று காலம், மூன்று காதல். கதைத் தொடர்ச்சி கிடையாது.

உட்காருவதற்கு முன் இவ்வளவு தெரிந்தால் போதும்: 1895இல் ஸ்பெயினுக்கு எதிராக விடுதலைப் போர் தொடங்கியது. 1933இல் சர்வாதிகாரி மச்சாதோ வீழ்ந்தார். 1961இல் நாடு முழுக்க எழுத்தறிவு இயக்கம் நடந்தது. கதைச் சுருக்கத்தை மட்டும் படித்துவிடாதீர்கள்.

பிரதி முக்கியம். நான் முதலில் பார்த்த பழைய பிரதியில் வெள்ளை நிறம் கண்ணைக் கூச வைத்தது. பிரதிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். 2017இல் இத்தாலியின் பொலோனியாவில் மீட்டெடுத்த பிரதியைப் பார்த்தபோதுதான் புரிந்தது, முதல் பகுதியை அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள். இயக்குநர் உம்பெர்த்தோ சொலாஸுக்கு அப்போது 26 வயதுதான்!

முதல் இரவு, முதல் லூசியாவாக நடித்த ராகெல் ரெவுவெல்தாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். கல்யாண வயது கடந்துவிட்டது என்று ஊரே முடிவுகட்டிய பெண். காதலன் ரஃபேல் வந்ததும் அவள் நடையே மாறிவிடுகிறது. உடன்பிறந்தவன் போருக்குப் போயிருக்கும் வீட்டில், அவன் அவளிடம் எதையெல்லாம் கேட்கிறான், எப்போது கேட்கிறான் என்று கவனியுங்கள். நான் இரண்டாம் தடவைதான் கவனித்தேன், உடம்பு நடுங்கிவிட்டது.

இரண்டாம் இரவு அமைதியானது. மச்சாதோ போன பிறகு அவரை எதிர்த்துக் கூடப் போராடியவர்கள் பதவிச் சுகத்தில் உட்கார, இந்த லூசியாவின் காதலன் ஆல்தோவுக்கு அது செரிக்கவில்லை. காதலித்தவளுக்கு மிஞ்சுவது என்ன என்பதில்தான் எனக்குத் தொண்டை அடைத்தது.

மூன்றாம் இரவு வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்துப் பாருங்கள். புரட்சிக்குப் பிந்தைய கிராமம். சந்தேகப்பட்டு ஜன்னலுக்கு ஆணியடிக்கும் புருஷன். எழுதப் படிக்கக் கற்கும் மனைவி. நடுநடுவே ‘குவாந்தனமேரா’ என்ற கியூபப் பாட்டின் மெட்டில் ஒரு குரல் நம் வில்லுப்பாட்டுக்காரர் போலக் கதை சொல்லும். அந்த வரிகளுக்குத் சப்டைட்டில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுங்கள்.

கடைசியில் கடற்கரையில் ஒரு சிறுமி நின்று இவர்களைப் பார்ப்பாள். அதற்குள் எழுந்துவிடாதீர்கள்.