ஊருக்குச் சொந்தமா மீன் கோல்டு ஸ்டோரேஜ் வேணுமா, கட்டுறதுக்கு முன்னாடி இதெல்லாம் பாத்துருங்க

ராமநாதபுரம் கரையில வளந்தவன் நான். சூடை நெறைய பட்ட அன்னைக்கு காலையில ஆறு மணிக்கு ஒரு கூடைக்கு ஒரு விலை, எட்டு மணிக்கு அதுல பாதி, பத்து மணிக்கு மேல எடுக்க ஆளே இருக்காது. செவுளு சிவப்பு மாறி பழுப்பாகும், வயிறு தொட்டா அமுங்கும், அப்புறம் அது கருவாட்டுக்கோ கோழித்தீவன கம்பெனிக்கோ தான் போகும். இதைப் பாத்துப் பாத்துத்தான் ஒவ்வொரு ஊர்லயும் "எங்களுக்கு அரசாங்கமே ஒரு கோல்டு ஸ்டோரேஜ் கட்டிக் குடுக்கணும்"னு மனு போடுறாங்க. கேக்கறது நியாயந்தான், கண்டிப்பா கேக்கணும். ஆனா கட்டி முடிச்சு ரெண்டு வருஷத்துல பூட்டுப் போட்ட ரூமையும் நான் பாத்துருக்கேன், கதவோட ரப்பர் கிழிஞ்சு தொங்கும், உள்ள ஃபேனு துருவாகி நிக்கும், ஆரம்பத்துல யாரும் சரியா கணக்குப் போடாததுதான் காரணம். அதனால சங்கத்துலயோ பஞ்சாயத்துலயோ இந்த வேலையை எடுத்துச் செய்றவங்களுக்காக, எனக்குத் தெரிஞ்சதை வரிசையா எழுதுறேன்.

முதல்ல ஒரு நோட்டு வாங்குங்க. நெசமாத்தான், என்ஜினியரைக் கூப்புடுறதுக்கு முன்னாடி நோட்டு. ஏலக்கூடத்துல ஒரு ஆளை உக்கார வச்சு ஒரு வருஷத்துக்கு தினமும் என்ன மீனு, எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு இறங்குச்சு, என்ன விலைக்குப் போச்சு, மிச்சம் எவ்வளவு கிடந்துச்சு, இந்த அஞ்சையும் எழுத வைங்க. ஒரு வருஷம் முடியாதுன்னா தடைக்காலத்துக்கு முன்னாடி ரெண்டு மாசம், பின்னாடி ரெண்டு மாசமாவது வேணும். ஏன்னா நம்ம பாக் ஜலசந்தி பக்கம் மீன் வரத்து எல்லா நாளும் ஒரே மாதிரி கிடையாது. விசைப்படகு திங்க, புதன், சனி போகுது, அடுத்த நாள் காலையில கரைக்கு வருது, மத்த நாள்ல நாட்டுப்படகு. அதாவது வாரத்துல மூணு நாள் குவியும், மத்த நாள் கொஞ்சமா வரும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் கிழக்குக் கடற்கரையில விசைப்படகுக்குத் தடை, அப்போ ரூம் பாதிக்கு மேல காலியா கிடக்கும். இதை விட்டுட்டு சும்மா மாச சராசரியைப் பாத்து சைஸ் போட்டா, குவியுற நாளுக்குப் பத்தாது, மத்த நாளுக்கு கரண்ட் பில்லு தான் மிஞ்சும்.

அந்த நோட்டுல இன்னொரு விஷயமும் தெரிய வரும். எல்லா மீனும் ரூமுக்கு வராது. நண்டும் நல்ல இறாலும் கணவாயும் கம்பெனி ஏஜென்ட் அன்னைக்கே எடுத்துட்டுப் போயிருவாங்க, அதை உங்க கணக்குல சேக்காதீங்க. ரூமுக்கு வரப்போறது விலை விழுற சூடை, சாளை, காரல், அப்புறம் ரெண்டு நாள் பொறுத்தா வெளியூர் மார்க்கெட்ல நல்ல விலை கிடைக்கிற பாறை, வஞ்சிரம், சூரை மாதிரி மீனு. உதாரணத்துக்கு வச்சுக்கங்க, நல்லா படுற நாள்ல 8 டன் இறங்குது, அதுல 5 டன் அன்னைக்கே லாரி ஏறுதுன்னா, உங்க கவலை மிச்ச 3 டன் பத்தித்தான். அந்த 3 டன் எத்தனை நாள் தங்கும்ங்கறதைப் பெருக்கினாத்தான் ரூம் சைஸ் வரும். ரெண்டு நாள் தங்கினா 6 டன், அவ்வளவுதான். கூடவே ரூமோட முழு இடத்துலயும் மீனை அடுக்க முடியாதுங்கறதை மறக்கக்கூடாது, நடக்க வழி, காத்து ஓட சுவத்தோரம் இடைவெளி, தரையில பலகை, இதெல்லாம் போக மிச்சத்துல தான் கிரேட்டு, அதாவது மீன் பெட்டி.

இப்போ முக்கியமானது. உங்களுக்கு வேண்டியது ஐஸா, சில் ரூமா, ஃப்ரீசரா? இந்த மூணையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பிக்கிறாங்க. சில் ரூம்னா 0ல இருந்து 4 டிகிரி, ஐஸ் போட்ட மீனை ரெண்டு மூணு நாள் அப்படியே வைக்க. ஃப்ரீசர்னா மைனஸ் 18, மாசக்கணக்குல வைக்க, ஆனா அதுக்கு முன்னாடி மைனஸ் 35, 40ல பிளாஸ்ட் ஃப்ரீசர்ல வச்சு சீக்கிரமா உறைய வைக்கணும். நேரா மைனஸ் 18 ரூம்ல ஈர மீனைக் கொண்டு போய்க் குவிச்சீங்கன்னா மெதுவா உறையும், உள்ள பெரிய பெரிய ஐஸ் படிகம் வந்து சதை கிழியும், வெளிய எடுத்து உருக விட்டா தண்ணியா ஒழுகும். எண்ணெய் மீனு, சாளை மாதிரி, ஃப்ரீசர்லயே வச்சாலும் சில மாசத்துல சிக்கு வாடை வந்துரும், மேல தண்ணிப்பூச்சு குடுத்து ஐஸ் தோல் மாதிரி மூடி வச்சாத்தான் கொஞ்சம் தாங்கும். என் கருத்து என்னன்னா, ஃபைபர் போட்டும் வல்லமும் அதிகமா இருக்குற ஊருக்கு முதல்ல வேண்டியது நல்ல ஐஸ், ரெண்டாவது சின்ன சில் ரூம். ஃப்ரீசரை கடைசியா யோசிங்க.

ஏன் ஐஸை முதல்ல சொல்றேன்னா, கெட ஆரம்பிச்ச மீனை எந்த ரூமும் நல்ல மீனா மாத்தாது. குளிர் கடல்லயே ஆரம்பிக்கணும். கணக்குப்படி ஒரு கிலோ ஐஸ் 30 டிகிரில இருக்குற சுமார் மூணு கிலோ மீனை 0 டிகிரிக்குக் கொண்டு வந்துரும், ஆனா நம்ம வெயில்ல, ஓட்டைப் பெட்டியில, பாதி ஐஸ் காத்துலயே கரையுது, அதனால ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ்னு தான் வச்சுக்கணும். சூரை, சாளை, அயிலை மாதிரி மீனுக்கு இது இன்னும் முக்கியம், வெயில்ல கிடந்தா சதைக்குள்ள ஹிஸ்டமின் உருவாகும், அது எவ்வளவு கொதிக்க வச்சாலும் போகாது, சாப்பிட்டவங்களுக்கு முகம் செவந்து, தடிப்பு வந்து, தலைவலி, வாந்தின்னு போகும். ஆக திட்டத்துலயே போட்டுக்காரங்களுக்கு நல்ல இன்சுலேட்டட் பெட்டி வாங்கிக் குடுக்குற செலவையும் சேத்துருங்க, இது தனி ஸ்கீம்னு ஒதுக்காதீங்க.

ஐஸ் பத்தி பேசுனா தண்ணி பத்திப் பேசணும். 10 டன் ஐஸ்னா பத்தாயிரம் லிட்டர் தண்ணி, அதுவும் குடிக்கிற தரத்துல இருக்கணும், மீன் மேல படுற ஐஸ் ஆச்சே. நம்ம மாவட்டத்துல போரைப் போட்டா உப்புத் தண்ணி. ஆர்ஓ போடலாம், ஆனா உள்ள விடுற தண்ணியில ஒரு நல்ல பங்கு கழிவாத்தான் வெளிய வரும், அதை எங்க விடப்போறீங்கன்னு முதல்லயே சொல்லணும். குடிக்கிற தண்ணிக்கே ஊர்ல குடம் வரிசையில நிக்கும்போது அந்த பைப்புல இருந்தே ஐஸ் கம்பெனிக்கு எடுத்தா ஊரே எதுத்து நிக்கும், அவங்க கோபத்துலயும் தப்பு இல்ல. கரண்டும் பாருங்க, நம்ம மாதிரி வெப்பமான இடத்துல ஒரு டன் பார் ஐஸுக்கு, அதாவது கட்டி ஐஸுக்கு, 55ல இருந்து 70 யூனிட், செதில் செதிலா வர்ற ஃப்ளேக் ஐஸுக்கு 70ல இருந்து 85 யூனிட் வரைக்கும் ஆகும். ஃப்ளேக் ஐஸ் மீனைச் சுத்தி நல்லா ஒட்டும், சீக்கிரம் குளிரும், நெத்திலி மாதிரி சின்ன மீனை நசுக்காது, ஆனா சீக்கிரம் கரையும். பார் ஐஸ் நாலு நாள் கடலுக்குப் போற போட்டுக்கு நல்லது. உங்க ஊர்ல எது அதிகம்னு அந்த நோட்டு சொல்லும்.

இடம். கரையில இருந்து எவ்வளவு தூரம்னு கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி, அதான் எல்லாரும் சிஆர்இசட்னு சொல்றது, அதைப் பாக்கணும். மீனவர்களுக்குத் தேவையான ஏலக்கூடம், வலை பின்னுற கூடம், ஐஸ் பிளான்ட் மாதிரி வசதிகளுக்கு அதுலயே இடம் குடுத்துருக்காங்க, ஆனா அனுமதி வாங்கித்தான் கட்டணும், கட்டிட்டு வாங்கக்கூடாது. நிலம் புறம்போக்கா, யார் பேர்ல இருக்கு, மீன்வளத் துறைக்கு மாத்தியாச்சான்னு டெண்டருக்கு முன்னாடி முடிச்சுருங்க, பாதி திட்டம் இங்கதான் நிக்குது. தரைமட்டத்தை ஏத்திக் கட்டுங்க, 2004 சுனாமியிலயும் பெரிய புயல்லயும் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு ஊர்ப் பெரியவங்க கை காட்டுவாங்க, அந்தக் கோட்டுக்கு மேல மிஷின் இருக்கட்டும். 2018 நவம்பர்ல கஜா வந்தப்போ வேதாரண்யம் பக்கம் எத்தனையோ ஊர்ல வாரக்கணக்குல கரண்ட் இல்ல. ஜெனரேட்டர் இல்லாம ஃப்ரீசர் கட்டவே கட்டாதீங்க.

மிஷின் விஷயத்துல சில சொல்லிடுறேன். ஒரே பெரிய ரூமுக்குப் பதிலா நாலு சின்ன ரூம், ஒரே பெரிய கம்ப்ரஸருக்குப் பதிலா ரெண்டு. தடைக்காலத்துல ரெண்டு ரூமை நிறுத்திடலாம், ஒரு கம்ப்ரஸர் கெட்டா இன்னொண்ணுல ஓட்டலாம். குளிரூட்ட ஆர்22ங்கற கேஸ் போட்ட பழைய மிஷினை விலை கம்மின்னு வாங்காதீங்க, ஓசோன் ஒப்பந்தப்படி இந்தியாவுல 2030க்குள்ள அது வழக்கத்துல இருந்து போகுது, அப்புறம் கேஸ் ரொப்ப ஆள் தேடணும். அமோனியா கேஸ்ல ஓடுற மிஷின் கரண்ட் கம்மியா எடுக்கும், பெரிய ஐஸ் பிளான்ட்டுக்கு நல்லது, ஆனா கேஸ் கசிஞ்சா மூச்சு முட்டும். 2023 டிசம்பர் கடைசில எண்ணூர்ல ராத்திரியில அமோனியா கசிஞ்சு மீனவ கிராமத்து ஜனங்க புள்ளைகளைத் தூக்கிட்டு ஓடுனது ஞாபகம் இருக்கும். வீடுகளுக்கு நடுவுல அமோனியா வேண்டாம், வச்சே ஆகணும்னா சென்சார், சைரன், காத்தடிக்கிற திசையைக் காட்டுற துணி, வருஷத்துக்கு ரெண்டு தடவை ஊர் ஜனத்தோட ஒத்திகை, இதெல்லாம் டெண்டர்லயே எழுதணும். சுவத்துக்கு பஃப் பேனல், அதாவது குளிர் வெளிய போகாம நடுவுல நுரை அடைச்ச பலகை, சில் ரூமுக்கு 80 மில்லிமீட்டர் கனம், ஃப்ரீசருக்கு 120ல இருந்து 150 மில்லிமீட்டர். ஃப்ரீசர் தரைக்கு அடியிலயும் இன்சுலேஷன் வேணும், இல்லன்னா கீழ மண்ணு ஈரம் உறைஞ்சு தரையே மேல எழும்பும். உப்புக்காத்துல சாதா நட்டு போல்டு ஒரு வருஷம் கூட உருப்படியா நிக்காது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்க. விலை கூடத்தான், ஆனா அதுல மிச்சம் பிடிச்சு பிடிச்சுத்தான் எல்லாம் ஓட்டையாகுது.

காசு எங்க இருந்து வரும்? 2020ல ஆரம்பிச்ச பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்துல ஐஸ் பிளான்ட், கோல்டு ஸ்டோரேஜுக்கு யூனிட் செலவுன்னு ஒண்ணு போட்டுருந்தாங்க, 10 டன்னுக்கு 40 லட்சம், 50 டன்னுக்கு 150 லட்சம், பயனாளிக்கு மானியம் பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடியினருக்கும் 60 சதவீதம். அதனால மகளிர் கூட்டுறவு சங்கம் பேர்ல போடுறதுல அர்த்தம் இருக்கு. மீன்வள உள்கட்டமைப்பு நிதின்னு 2018ல அறிவிச்ச 7,522 கோடி ரூபா நிதியில வட்டியில 3 சதவீதம் வரைக்கும் தள்ளுபடியோட கடனும் உண்டு. இப்போ என்ன நடைமுறைன்னு மாவட்ட மீன்வள உதவி இயக்குநர் ஆபீஸ்ல கேட்டு எழுத்துல வாங்கிக்கங்க. டிசைனைச் சரி பாக்க கொச்சியில இருக்குற மத்திய மீன்வள தொழில்நுட்ப நிறுவனம், நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகம் ரெண்டையும் அணுகலாம்.

கட்டுறதுக்கு காசு கிடைச்சுரும், ஓட்டுறதுக்குத்தான் கிடைக்காது. மிஷின் ஓடினாலும் ஓடாட்டியும் கரண்டுக்கு ஃபிக்ஸட் சார்ஜ் வரும், ஆபரேட்டருக்கு சம்பளம் வரும். அதனால கிரேட்டுக்கு ஒரு ராத்திரிக்கு இவ்வளவுன்னு வாடகை வைக்கும்போதே தடைக்காலத்து ரெண்டு மாசச் செலவையும், அஞ்சாறு வருஷத்துல கம்ப்ரஸர் மாத்துற செலவையும் அதுக்குள்ள ஏத்தி, தனி பேங்க் கணக்குல போட்டு வைங்க. கட்டுறவங்களுக்கே அஞ்சு வருஷ பராமரிப்பையும் சேத்து டெண்டர் விடுங்க, கட்டிட்டுப் போறவன் ஒருத்தன், பாக்கறவன் இன்னொருத்தன்னு விட்டா ரெண்டு பேரும் கை விரிப்பாங்க.

இப்போ எனக்கு ரொம்ப மனசுக்குப் பக்கத்துல இருக்குற விஷயத்துக்கு வரேன். ரூம் கட்டினா மீனவருக்கு விலை கூடிரும்னு எல்லாரும் நினைக்கிறோம். ஆனா வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கி தன் படகுக்கு எஞ்சின் போட்ட ஆளுக்கு, தன் மீனை ரெண்டு நாள் தள்ளி விக்கிற உரிமையே கிடையாது. கரைக்கு வந்ததும் அவருக்குத்தான் போடணும், அவர் சொல்ற விலைக்கு, கமிஷனும் போக. அப்போ ரூம்ல மீனை வச்சு விலைக்குக் காத்திருக்கப் போறது யாரு? அந்த வியாபாரிதான். பொதுக்காசுல கட்டின குளிரு மறுபடியும் அவர் கைக்கே போகும். இதைத் தடுக்கணும்னா ரூமோட சேத்து காசும் வேணும்: கூட்டுறவு சங்கம் உள்ள வச்ச மீனுக்கு அன்னைக்கு விலையில ஒரு பங்கை, பாதின்னு வச்சுக்கங்க, கையோட குடுத்துட்டு, வித்ததும் கழிச்சுக்கணும். டீசலுக்கும் வீட்டுக்கும் அன்னைக்குக் காசு இல்லாம எந்த மீனவரும் காத்திருக்க மாட்டாரு.

இன்னொண்ணு, தலைச்சுமையா மீன் விக்கிற அம்மாமார். அவங்க வைக்கப் போறது ஒரு கூடை, பதினஞ்சு இருபது கிலோ. டன் கணக்குல தான் எடுப்போம்னு விதி வச்சா அவங்க வாசல்லயே நின்னு திரும்புவாங்க. அந்த நாலு சின்ன ரூம்ல ஒண்ணை அவங்களுக்குன்னு ஒதுக்குங்க, இடுப்பு உயரத்துல தட்டு, நம்பர் போட்ட சின்ன கிரேட்டு, ஒரு ராத்திரிக்கு அவங்களால குடுக்க முடியுற வாடகை. காலையில நாலு மணிக்கு பஸ் பிடிக்கிறவங்க அவங்க, அதனால மூணரைக்குத் திறக்குற ஆள் இருக்கணும், ஒரு சாவி அவங்க சங்கத்துலயே இருந்தா இன்னும் நல்லது. நிர்வாகக் கமிட்டியில பாதிப் பேர் அவங்களா இருக்கட்டும்.

வேலை முடிஞ்சு ஒப்படைக்கும்போது காலி ரூம்ல குளிர் வந்துருச்சுன்னு கையெழுத்துப் போட்டுராதீங்க. முழு லோடு கிரேட்டு அடுக்கி, 48 மணி நேரம் ஓட்டி, நடு கிரேட்டுக்குள்ள தெர்மாமீட்டர் குத்தி, அடிக்கடி கதவைத் திறந்து மூடி, அதுக்கப்புறமும் டிகிரி நிக்குதான்னு பாருங்க. ரூம் டிகிரியைக் காட்டுற டிஸ்ப்ளேயை ஆபீஸ் உள்ள வைக்காம வெளிச்சுவத்துல, ஏலக்கூடத்தைப் பாத்த மாதிரி மாட்டச் சொல்லுங்க. 4 டிகிரி 9 ஆச்சுன்னா ஆபரேட்டருக்கு முன்னாடி கூடை தூக்குற அம்மா பாத்துட்டு சத்தம் போடுவாங்க.