டெக்குக்கு ஸ்டெயின் அடிக்க முதல்: எங்கட ஆக்கள் விடுற பிழையள்

மே மாசம் பிறந்தாக் காணும், ரொறன்ரோ பக்கம் எங்கட ஆக்களுக்கு பின்வளவு டெக்கின்ர, அதுதான் வீட்டோட சேத்துக் கட்டின மரமேடையின்ர, ஞாபகம் வந்திடும். ஸ்னோ கரைஞ்சு பலகை எல்லாம் சாம்பல் நிறமாக் கிடக்கும், ஜூலையில பிள்ளையின்ர பேர்த்டே, பாபிகியூவுக்கு சனம் வரும், உடன கடைக்குப் போய் ஒரு வாளி ஸ்டெயினும் (மரத்துக்குள்ள ஊறுற நிறப்பூச்சு) ரோலரும் வாங்கிக்கொண்டு வந்து சனிக்கிழமை காலமை தொடங்கினா பின்னேரம் முடிச்சிடலாம் எண்டு ஒரு கணக்கு. பிழை இதிலதான் தொடங்குது. மேல தெரியிற நிறம் போறதால டெக் பழுதாகிறேல்ல, தண்ணி நிக்கிற இடத்திலதான் பழுதாகுது, அந்த இடம் கனக்க கீழதான் இருக்கும்.

அதால வாளியத் திறக்க முதல் ஒரு ஸ்க்ரூடிரைவரும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு கீழ போங்கோ. முதல் பாக்க வேண்டியது லெட்ஜர், அதுதான் வீட்டுச் சுவரோட சேத்துப் பூட்டியிருக்கிற நீளப் பலகை, டெக்கின்ர பாரத்தில அரைவாசி அதிலதான் தொங்குது. அதுக்கு மேல தண்ணிய வெளிய திருப்பிற ஃபிளாஷிங் தகடு போடாம விட்டிருந்தா மழைத் தண்ணி சுவருக்கும் பலகைக்கும் இடையில இறங்கி அங்கயே நிண்டு உக்கப் பண்ணும், மேல நிண்டு பாத்தா ஒண்டும் தெரியாது. ஸ்க்ரூடிரைவர் முனையால குத்திப் பாருங்கோ. நல்ல மரம் எண்டா முனை உடன தட்டுப்பட்டு நிக்கும், உக்கின மரம் எண்டா சத்தமே இல்லாம உள்ள போகும், திருப்பி இழுக்கேக்க ஈரத்தூள் ஒட்டிக்கொண்டு வரும். அப்பிடி வந்தா ஸ்டெயின் கதைய விட்டுட்டு விசயம் தெரிஞ்ச கார்பென்டர் ஒராளக் கூப்பிடுங்கோ. லெட்ஜர வெறும் ஆணியால மட்டும் அடிச்சு வச்சிருந்தாலும் அப்பிடித்தான், ஆக்கள் நிறைய ஏறி நிக்கேக்க டெக் சுவரை விட்டுக் கழண்டு விழுறதுக்கு முக்கிய காரணமே இதுதான். அரை இஞ்ச் போல்ட், இல்லாட்டி லாக் ஸ்க்ரூ எண்டுற மொத்தமான ஸ்க்ரூ, ஏதாவது ஒண்டு இருக்கோணும்.

தூண் நிலத்தைத் தொடுற இடம், படியின்ர அடி, பூச்சாடி வருசக்கணக்கா அசையாம இருந்த இடம், இதையெல்லாம் அதே மாதிரிக் குத்திப் பாருங்கோ. பலகைக்கு இடையில அடைஞ்சு கிடக்கிற இலை குப்பையையும் ஒரு பழைய கத்தியால கிளறி எடுங்கோ, அது ஊறின பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடிச்சு வச்சிருக்கும்.

மேல வந்த ஆணியச் சுத்தியலால திருப்பி அடிக்கிறது வீண்வேலை, அடுத்த வருசம் திரும்பவும் வரும். ஆணியப் பிடுங்கிப்போட்டு கொஞ்சம் நீளமான டெக் ஸ்க்ரூ பூட்டுங்கோ. ஆனா வீட்டில கிடந்த சாதாரண ஸ்க்ரூ வேண்டாம், ஏனெண்டா இப்ப வாற பிரஷர் ட்ரீட்டட் பலகையில செம்பு கலந்த மருந்து ஏத்தியிருக்கு, அது சாதாரண இரும்பைக் கெதியா அரிச்சுப் போடும், ஹொட் டிப் கல்வனைஸ்ட் (தடிப்பா நாகப்பூச்சு ஏத்தினது) அல்லது ஸ்டெயின்லெஸ், இல்லாட்டி ட்ரீட்டட் பலகைக்கு எண்டு பெட்டியில எழுதியிருக்கிறதுதான் சரி. விண்டரில ஐஸ் கரைக்க உப்பை அள்ளிக் கொட்டிறதும் இப்பிடித்தான் இரும்பை அரிக்கும். ஸ்னோ அள்ள பிளாஸ்டிக் சவள் பாவியுங்கோ, பலகை போற திசையில தள்ளுங்கோ.

பழைய வீடு வாங்கினாக்கள் இதைக் கவனியுங்கோ. 2004க்கு முதல் கட்டின டெக் எண்டா பலகையில ஆர்செனிக் கலந்த சிசிஏ மருந்து இருக்கக்கூடும், 2003 முடிவோட வீட்டுப் பாவனைக்கு அதை நிப்பாட்டிட்டினம். அப்பிடிப்பட்ட பலகையச் சாண்டிங் பண்ணித் தூள் பறக்க விடாதேங்கோ. புதுசோ பழசோ, ட்ரீட்டட் மரம் எதையும் ஃபயர் பிட்டில போட்டு எரிக்கிறதும் வேண்டாம்.

கழுவுறதுக்கு வருவம். பிரஷர் வோஷர் கையில வந்தா எங்கட ஆம்பிளையளுக்கு ஒரு வீரம் வந்திடும். அந்த மெஷினில 3000 பிஎஸ்ஐ (தண்ணி அமுக்கத்தின்ர அளவு) போறதும் இருக்கு, பைன், சீடார் மாதிரி மென்மையான மரத்துக்கு 500, 600 காணும், அகல விரியிற நொசில் போட்டு ஒரு அடி தள்ளிப் பிடிக்கோணும். கிட்டப் பிடிச்சா மரத்தின்ர நார் கிளம்பி பலகை முழுக்கச் சிலும்பிப் போகும், பேந்து வெறுங்காலோட நடக்கிற பிள்ளையளின்ர காலில ஏறும். உண்மையில டெக் கிளீனரும் பிரஷும் வச்சுத் தேய்க்கிறதுதான் நல்லது. உடுப்புக்குப் போடுற குளோரின் பிளீச் மரத்தையும் கெடுக்கும் ஆணியையும் அரிக்கும் பக்கத்தில நிக்கிற கறிவேப்பிலைச் சாடியையும் கொல்லும், ஒக்சிஜன் பிளீச் பாவியுங்கோ.

கழுவின அடுத்த நாளே ஸ்டெயின் அடிக்கிறதுதான் நான் காணுற பெரிய அவசரம். மேல காஞ்ச மாதிரி இருக்கும், உள்ள ஈரம். குறைஞ்சது ரெண்டு நாள் நல்ல வெயில் வேணும். ஒரு கை தண்ணியத் தெளிச்சுப் பாருங்கோ, சில நிமிசத்தில உறிஞ்சினா அடிக்கலாம், முத்து முத்தா நிண்டா பொறுங்கோ. புதுசாப் போட்ட ட்ரீட்டட் பலகை மாசக்கணக்கிலயும் காயும், அவசரப்படாதேங்கோ. மத்தியான வெயிலிலயும் அடிக்காதேங்கோ, ஒரு பலகை முடிய முதலே காஞ்சு கோடு கோடாத் தெரியும். மரத்தின்ர ரேகை தெரியிற செமி ட்ரான்ஸ்பேரன்ட் ஸ்டெயினைத் தடிப்பா ரெண்டு மூண்டு தரம் பூசினா உறிஞ்ச இடமில்லாம மேல நிண்டு பிசுபிசுக்கும். உறிஞ்சாம மிஞ்சி நிக்கிறதைத் துணியால துடைச்சு எடுக்கோணும். பெயின்ற் அடிக்கிறது என்ர கணக்கில வேண்டாத வேலை, தண்ணி கீழால ஏறி உரிஞ்சு வரேக்க சுரண்டிச் சாகோணும்.

ஸ்டெயின் துடைச்ச அந்தத் துணியக் கவனமாப் பாருங்கோ. ஒயில் ஸ்டெயின் எண்டா அது காயேக்க சூடு வரும், கராஜ் மூலையில சுருட்டி எறிஞ்சா நெருப்பு வைக்காமலே பத்தும். வெளியில ஒவ்வொண்டா விரிச்சுக் காயவிடுங்கோ, இல்லாட்டி தண்ணி நிரப்பின தகர டின்னுக்குள்ள அமத்தி, மூடி போட்டு, வீட்டை விட்டுத் தள்ளி வையுங்கோ.