செவ்ர் ஜாடி: அடிக்குறியைப் பார்த்து ஏமாறாதீர்கள், புளி போட்டும் விளக்காதீர்கள்

அடர்நீலப் பீங்கான், நடுவில் காதலர்களோ ஆட்டிடையர்களோ இருக்கும் ஓவியம், இருபுறமும் பொன் பூசிய வெண்கலக் கைப்பிடிகள். இப்படி ஒரு பழைய பிரெஞ்சு ஜாடி கண்ணில் பட்டதும் எல்லோரும் முதலில் அடியைத்தான் பார்க்கிறார்கள். பின்னிக் கிடக்கும் இரண்டு 'எல்' எழுத்துகள் தெரிந்தால் போதும், 'அசல் செவ்ர் (பிரெஞ்சு மன்னரின் செவ்ர் பீங்கான் பட்டறையில் செய்தது), 18-ஆம் நூற்றாண்டு' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

அந்த ஜாடியிலேயே அதிகம் பொய் சொல்லும் இடம் அந்த அடிதான்.

இரட்டை 'எல்' என்பது லூயி மன்னரின் பெயரெழுத்து. வின்சென்னில் 1740 வாக்கில் தொடங்கிய இந்தப் பீங்கான் பட்டறை 1756-இல் பாரிஸுக்கு அருகிலுள்ள செவ்ருக்கு இடம் மாறியது. 1759-இல் பதினைந்தாம் லூயி அதை முழுவதுமாக வாங்கிக்கொண்டார். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸிலும் வெளியிலும் இருந்த எத்தனையோ பட்டறைகள் இதே குறியைத் தாராளமாகப் போட்டன. நீலத்தில் நாலு கோடு இழுப்பது பெரிய வித்தையா என்ன?

ஆகவே குறியைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். 1753-இலிருந்து குறியோடு ஆண்டெழுத்தும் சேர்த்தார்கள்: 'ஏ' என்றால் 1753, 'டி' என்றால் 1756. அந்தக் காலத்தில் அங்கே செய்தது கயோலின் என்னும் வெண்களிமண் கலக்காத மென்பீங்கான் மட்டும்தான். பிரான்ஸின் லிமோஜ் நகருக்கு அருகே கயோலின் கிடைத்து, 1760-களின் கடைசியில்தான் அது சேர்ந்த கடினப் பீங்கான் வந்தது. மென்பீங்கானில் வண்ணம், கண்ணாடி போன்ற மேற்பூச்சான மெருகுக்குள் அமிழ்ந்து மிருதுவாகத் தெரியும். கடினப் பீங்கானில் மேலேயே உட்கார்ந்திருக்கும். 'டி' போட்ட கடினப் பீங்கான் ஜாடி என்றால் கதை முடிந்தது. பச்சை நிறமும் காட்டிக்கொடுக்கும். பிற்காலப் பச்சை வண்ணங்களில் சேர்ந்த குரோமியம் என்ற உலோகம் அறியப்பட்டதே 1797-இல். என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று காட்டும் எக்ஸ் கதிர் ஒளிர்வுச் சோதனையில் பச்சைக்குள் குரோமியம் தெரிந்தால், அந்த ஓவியம் 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்ததாக இருக்க வழியில்லை.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. 1800-இல் செவ்ர் பட்டறையின் பொறுப்புக்கு வந்த அலெக்சாந்தர் ப்ரோன்யார் காலத்தில், தேங்கிக் கிடந்த வெள்ளைப் பீங்கான்கள் விற்கப்பட்டன. வாங்கியவர்கள் பிறகு தாங்களே அவற்றில் வண்ணம் தீட்டினார்கள். உடல் அசல், ஓவியம் பிந்தையது! அனுபவசாலிகளே இதில் தடுக்கி விழுவதுண்டு.

ஓவியத்தின் ஓரத்தில் ஓவியர் கையெழுத்து இருந்தால் மதிப்பு கூடும் என்ற எண்ணமும் தவறானது. 18-ஆம் நூற்றாண்டு செவ்ர் ஓவியர்கள் பொதுவாகத் தங்கள் சிறு குறியை அடியில்தான் போட்டார்கள். முகப்பில் முழுப்பெயர் இருந்தால், பெரும்பாலும் அது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிச் சரக்கு. அப்படிப்பட்டவற்றிலும் அழகானவை நிறைய உண்டு. அவற்றுக்கு உரிய விலை வேறு, அவ்வளவுதான்.

அடுத்தது வெண்கலம். பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தோடு குழைத்துப் பூசிச் சுடுவார்கள். பாதரசம் ஆவியாகிவிடும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்த ஆவி, வேலை செய்தவர்களின் உடலைக் கெடுத்தது. 1840-களில், மின்சாரத்தால் தங்கம் படியவைக்கும் மின்முலாம் வந்தது. கைப்பிடியின் பின்பக்கத்தைப் பாருங்கள். ஓரத்தில் மட்டும் தங்கம் வழிந்து உள்ளே வெறும் உலோகமாக இருந்தால் பழைய முறையாக இருக்கலாம். தேய்ந்த முனையில் சாம்பல் நிறம் தெரிந்தால் அது வெண்கலமே அல்ல, துத்தநாகம். ஆனால் பழைய வெண்கலத்துக்கும் பிற்காலத்தில் மின்முலாம் பூசியிருப்பார்கள் என்பதால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

சரி, வாங்கியாயிற்று. சேதம் பெரும்பாலும் இனிமேல்தான். தூக்குவதற்கு வாகாகத் தெரியும் கைப்பிடிகள் அலங்காரத்துக்கு வைத்தவை. இத்தகைய ஜாடி பலவேளைகளில் ஒரே துண்டு அல்ல. பாதம், உடல், கழுத்து எல்லாவற்றையும் உள்ளே ஓடும் ஒரு கம்பியும் அடியில் ஒரு நட்டும்தான் சேர்த்துப் பிடிக்கின்றன. முதலில் மூடியைத் தனியே எடுத்து வையுங்கள். பிறகு ஒரு கையை அடியில் கொடுத்து, மறுகையால் உடலை அணைத்துத் தூக்குங்கள். ஆடுகிறதே என்று நட்டை இறுக்கிவிடாதீர்கள். பீங்கான் விட்டுக்கொடுக்காது, விரிசல்தான் விடும்.

அப்புறம் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று இருக்கிறது: பித்தளை மங்கினால் புளி போட்டு விளக்குவது. குத்துவிளக்குக்கு அது சரி. இங்கே தங்கம் மெல்லிய படலம்தான். புளி, எலுமிச்சை, சாம்பல், கடையில் விற்கும் பாலிஷ் எதுவானாலும் அடியிலுள்ள உலோகத்தை அரிக்கும் அல்லது தங்கத்தைத் தேய்க்கும். போன தங்கம் திரும்பாது. பீங்கான் மேலுள்ள பொன்கோடுகளும் அப்படியே. மென்மையான, உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். தண்ணீரில் முக்கினால் ஈரம் இணைப்புகளில் புகுந்து உள்கம்பி துருப்பிடிக்கும்; துரு பருத்துப் பீங்கானை உள்ளிருந்தே நெருக்கும். அழகாக இருக்கிறதே என்று தண்ணீர் ஊற்றிப் பூ வைத்தாலும் இதே கதிதான்.