தூங்கும் கிழங்குக்குத் தண்ணீர் ஊற்றாதீர்கள்: மாடித் தொட்டியில் செங்காந்தள்

ஸ்ரீநகர் ட்யூலிப் தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த எதிர்வீட்டு அத்தை, பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே என் வீட்டுக் கதவைத் தட்டினார். “நீதான் மாடியில் என்னென்னவோ வளர்க்கிறாயே, எனக்கு நாலு ட்யூலிப் நட்டுக்கொடு. பெரியது வேண்டாம், சீக்கிரம் பூக்குமாமே ஒரு குட்டை ரகம், அது போதும்.”

அவர் கேட்ட குட்டை ரகம் காட்டு ட்யூலிப். மத்திய ஆசிய மலைச்சரிவுகளில் பனி விலகும்போதே பூத்துவிடும் இனங்கள் அவை. சீக்கிரம் பூப்பது உண்மைதான். ஆனால் அதற்கு முன் கிழங்கு ஏறத்தாழ 12 வாரம் கடுங்குளிரில் கிடக்க வேண்டும். நம் மதுரையில் மார்கழி விடியற்காலை கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. ஃபிரிட்ஜில் மூன்று மாதம் கிழங்கை வைத்துக் குளிர்காலத்தைப் பொய்யாக உண்டாக்கலாம். அப்படிச் செய்தாலும் ஒருமுறை பூப்பதே பெரிது. அடுத்த கோடையை அது தாண்டாது.

“அத்தை, அதற்குச் சொந்தக்காரப் பூ ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது, அதை நடுவோம்” என்றேன். செங்காந்தளும் ட்யூலிப்பும் தாவரவியலில் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. இரண்டும் நிலத்தடியில் தூங்கி எழுபவை. ட்யூலிப் எழக் குளிர் வேண்டும். காந்தள் நம் கோடையைத் தூங்கியே கழித்துவிட்டு மழைக்காலத்தை ஒட்டி எழும். இந்தத் தூக்கத்தைப் புரிந்துகொண்டால் வளர்ப்பில் முக்கால் பங்கு முடிந்தது.

நடுவதற்கு முன் ஒரு கண்டிப்பு

கண்வலிக்கிழங்கு, கலப்பைக் கிழங்கு, கார்த்திகைப் பூ எல்லாம் இந்தச் செடியின் பெயர்கள்தான். தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. வேர் முதல் விதை வரை முழுச் செடியும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் என்னும் நச்சுப்பொருள் மிகுதி. அதை முறைப்படி பிரித்தெடுத்து ‘கவுட்’ எனும் மூட்டுவீக்க நோய்க்கு மருந்தாக்குகிறார்கள். வீட்டில் எதையும் வாயில் வைக்கும் எண்ணமே வேண்டாம். தவழும் குழந்தையோ, கண்டதைக் கடிக்கும் நாய்க்குட்டியோ வீட்டில் இருந்தால் இந்தப் பதிவை இத்தோடு மூடிவிட்டு மல்லிகைப் பதியன் ஒன்று வாங்கி வையுங்கள். கிழங்கைத் தொடும்போது கையுறை கட்டாயம். அறுபட்ட கிழங்கின் சாறு பட்டால் தோல் எரியும்.

கிழங்கு வாங்குதல்

அழகர்மலை அடிவாரப் புதர்களில் கண்ணில் பட்டாலும் தோண்டாதீர்கள். காட்டில் இருப்பது காட்டுக்கு. ஒட்டன்சத்திரம், மூலனூர் வட்டாரங்களில் விதைக்காகவே இதைப் பயிரிடுகிறார்கள். அங்கே விளைந்த கிழங்காகக் கேட்டு வாங்குங்கள். ஒன்று 50 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் முதல் ஆண்டிலேயே பூக்கும். சுண்டுவிரல் அளவுக் கிழங்கு மலிவாகக் கிடைக்கும், ஆனால் முதல் ஆண்டு இலையோடு நின்றுவிடும்.

கையில் வந்ததும் உற்றுப் பாருங்கள். கவட்டை போல இரண்டு கைகள் பிரிந்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்ற பெயர் அதனால் வந்ததுதான். ஒவ்வொரு கையின் நுனியிலும் வெளிறிய சிறு மூக்கு ஒன்று தெரியும். அதுதான் முளை. உருளைக்கிழங்குக்கு உடம்பெல்லாம் கண். இதற்கு நுனியில் அந்த ஒன்றே ஒன்று. அது ஒடிந்தால் மாற்று முளை வராது. என் முதல் கிழங்கைக் குழாயடியில் தேங்காய் நாரால் தேய்த்துப் பளபளவென்று கழுவினேன். மூக்கு எப்போது போனது என்றே தெரியவில்லை. இரண்டு மாதம் வெறும் மண்ணுக்குப் பூவாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

தொட்டியும் மண்ணும்

ஒரு அடிக்குக் குறையாத ஆழமும் அகலமும் உள்ள தொட்டி. மண்தொட்டி என்றால் உத்தமம். அதிக ஈரத்தை அது தானே உறிஞ்சி வெளியேற்றும். அடியில் துளை அடைபடாமல் ஓட்டுச்சில்லு வையுங்கள். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரம் ஒரு பங்கு. திருமங்கலம் பக்கத்துக் கரிசலை அப்படியே அள்ளிப் போட்டால் மழைக்காலத்தில் களியாகிக் கிழங்கு அழுகும். தேங்காய் நார்க்கழிவை நான் சேர்ப்பதில்லை. கத்தரிக்கு நல்லது, இதற்கு ஈரம் கூடிப்போகிறது.

நடவு

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இதற்கும் பொருந்தும். ஆடியில் நட்டால் ஐப்பசி, கார்த்திகையில் பூ.

மூன்று விரற்கடை ஆழத்தில் பள்ளம் பறித்து, கிழங்கைப் படுக்கவைத்து, நுனி மூக்கு தொட்டிச் சுவரில் முட்டாதபடி திருப்பி வையுங்கள். மண்ணைத் தூவி மூட வேண்டும், அழுத்தி மூடக் கூடாது. ஒருமுறை தண்ணீர் விட்டதும் நிறுத்திக்கொள்ளுங்கள். முளை வெளியே வரும் வரை, மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகே மறுபடி ஈரம். வேர் இல்லாத கிழங்கால் தண்ணீர் குடிக்க முடியாது. ஊறிக் கிடக்கத்தான் முடியும்.

மூன்று, நான்கு வாரத்தில் பச்சை ஈட்டி போல ஒன்று எழும். எதிர்வீட்டு அத்தை தினமும் மாலையில் கையால் மண்ணைக் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

கொடிக்குப் பிடிமானம்

காந்தள் ஏறுவது இலையால். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாக மாறி, கிடைத்ததைச் சுற்றிக்கொள்ளும். சுற்றும் வளையம் சிறியது என்பதால் தடித்த மூங்கிலை அதனால் பற்ற முடியாது. சணல் கயிறு, மெல்லிய கம்பி, காய்ந்த விளார் ஆகியவை சரி. கொடி ஓர் ஆள் உயரம் போகும். வயலில் கிளுவைச் செடியை நட்டு அதன்மேல் ஏற்றுகிறார்கள். மாடியில் கைப்பிடிச் சுவருக்கும் தொட்டிக்கும் நாலு கயிறு கட்டினால் போதும். முளை ஒரு சாண் வளர்வதற்குள் கட்டிவிடுங்கள். ஆடிக்காற்று மிச்சம் இருக்கும்போது சாய்ந்தால் தண்டு அடியிலேயே ஒடிந்துவிடும். அதோடு அந்த ஆண்டுக் கதை முடிந்தது.

காலை வெயிலும் நடுப்பகலில் சிறிது நிழலும் உள்ள இடம் நல்லது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை புளித்த கடலைப் புண்ணாக்குத் தண்ணீரைப் பத்து மடங்கு நீர்விட்டுக் கலந்து ஊற்றலாம். ஐப்பசி அடைமழையில் தொட்டியைச் செங்கல்மேல் ஏற்றி, அடியில் வைத்த தட்டை எடுத்துவிடுங்கள். கருப்பு உடம்பில் வெள்ளை, சிவப்புப் புள்ளிகளோடு ஒரு புழு வரும். இரண்டே இரவில் இலையெல்லாம் காம்பாகிவிடும். மருந்து வேண்டாம், விடியற்காலையில் குச்சியால் தள்ளிச் சோப்புத் தண்ணீரில் போட்டால் ஆயிற்று.

பூ

மொட்டு பச்சையாகத் தலைகவிழ்ந்து தொங்கும். விரியும்போது ஆறு இதழ்களும் பின்பக்கமாக மேலே மடங்கி, விளிம்பு நெளிந்து, தீச்சுடர் போல நிற்கும். முதல் நாள் பச்சை கலந்த மஞ்சள். பிறகு நுனியிலிருந்து சிவப்பு இறங்கத் தொடங்கும். நாளுக்கு நாள் ஏறி, உதிரும் தறுவாயில் முழுச் சிவப்பு. ஒரே கொடியில் மூன்று வயதுப் பூக்கள் மூன்று நிறத்தில் தொங்குவதைப் பார்க்கத்தான் இத்தனை பாடும். சூல்தண்டு செங்கோணமாகப் பக்கவாட்டில் மடங்கி, மகரந்தத்தை விட்டு ஒதுங்கி நிற்கும். அதனால் தானாக விதை பிடிப்பது குறைவு. வயலில் காலை நேரத்தில் ஆட்கள் பூப்பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். வீட்டில் அந்த வேலை வேண்டாம். காய் பிடித்தாலும் முற்றும் முன் கிள்ளிவிடுங்கள். வெடித்த காயில் சிவந்த மணிகள் குழந்தைகளை மிட்டாய் போல இழுக்கும்.

தூக்கம்

தை பிறந்ததும் இலை மஞ்சளாகும். முதன்முறை வளர்ப்பவர்கள் பதறுவது இங்கேதான். நானும் பதறி, பங்குனி வரை விடாமல் தண்ணீர் ஊற்றினேன். கொட்டிப் பார்த்தபோது கிழங்கு இருந்த இடத்தில் ஊறிய அவல் போல ஏதோ இருந்தது. நாற்றம் இரண்டு நாள் மாடியை விட்டுப் போகவில்லை.

மஞ்சளைப் பார்த்ததும் தண்ணீரைக் குறையுங்கள். தண்டு காய்ந்து தானே கழன்று வந்ததும் அடியோடு நிறுத்துங்கள். தொட்டியை மழைச்சாரல் படாத இடத்துக்கு, மாடிப்படிக்கு அடியில், நகர்த்திவிடுங்கள். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் மண் புழுதியாகவே இருக்கட்டும். கோடைமழை பெய்கிறதே என்று இரங்கி வெளியே தூக்கி வைக்காதீர்கள்.

கிழங்கைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் மாசியில் மெதுவாகத் தொட்டியைக் கவிழ்க்கலாம். நட்ட கிழங்கு சக்கையாகச் சுருங்கியிருக்கும். பக்கத்தில் புதுக் கவட்டை ஒன்று கிடக்கும். கைகள் சேரும் கணுவில் பிரித்தால், முளை உள்ள ஒவ்வொரு கையும் தனிச் செடி. பிரித்த வாயை நிழலில் ஒரு வாரம் உலர்த்தி, காய்ந்த மணலில் புதைத்து, டப்பாவின் மேல் ‘நஞ்சு’ என்று பெரிதாக எழுதி, அடுக்களைக்கு வெளியே வையுங்கள். எங்கள் கிழங்கில் ஒரு கையை அத்தை வாங்கிப்போயிருக்கிறார். ஆடி வரை திறக்கக் கூடாது என்று டப்பாவைச் சுற்றி டேப் ஒட்டித்தான் கொடுத்தேன்.