சிபில் ஸ்கோர்: சேலத்தில் கடன் கேட்கப் போகும் முன்

பட்டறைக்கு மெஷின் வாங்கவோ வீடு கட்டவோ வங்கிக்குப் போனால், மேனேஜர் முதலில் பார்ப்பது உங்கள் சிபில் ஸ்கோரைத்தான். 300 முதல் 900 வரை போகும் எண் அது. 750-க்கு மேல் இருந்தால் பேச்சு சுலபம். ஆனால் அந்த எண்ணுக்கு உங்கள் வருமானம் தெரியாது. செவ்வாய்ப்பேட்டையில் மாதம் எத்தனை கிலோ கொலுசு செய்து கொடுக்கிறீர்கள், தெரிந்தவரிடம் போட்ட சீட்டை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினீர்கள் என்பதெல்லாம் அதில் ஏறாது. வங்கியிலும் ஃபைனான்ஸ் கம்பெனியிலும் வாங்கிய கடனைத் தேதிக்குக் கட்டினீர்களா என்பதே அங்கே பெரிய கேள்வி.

முதலில் உங்கள் கடன் வரலாற்று அறிக்கையை எடுங்கள். டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவர்களுடைய தளத்திலேயே பான் எண்ணும் ஓடிபியும் கொடுத்தால் வந்துவிடும். நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. ஒரே மாதத்தில் ஐந்தாறு இடங்களில் கடனுக்கு மனுப் போட்டால் குறையும்.

அறிக்கை வந்ததும் ஸ்கோரை விட்டுவிட்டு, ஒவ்வொரு கடனுக்கும் கீழே உள்ள டிபிடி கட்டங்களைப் பாருங்கள். எத்தனை நாள் தாமதம் என்பதை மாதவாரியாக 36 மாதங்களுக்குக் காட்டும் இடம் அது. 000 என்றால் நிலுவை இல்லை. 030 என்றால் 30 நாள் பாக்கி. 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அந்தக் கறை லேசில் போகாது. எக்ஸ்எக்ஸ்எக்ஸ் என்றிருந்தால் அந்த மாதத் தகவலை வங்கி அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

அடுத்து, கடன் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மச்சானின் லாரிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவும் உங்கள் அறிக்கையில் இருக்கும். அவர் டியூ கட்டாவிட்டால் அடி உங்களுக்கும் விழும்.

நம் பக்கம் பலர் சறுக்குவது நகைக்கடனில். நகைதான் அவர்களிடம் இருக்கிறதே என்று கெடு முடிந்தும் விட்டுவிடுகிறார்கள். ஒரு வருடக் கெடுவில் அசலும் வட்டியும் சேர்த்துக் கட்டும் கடன் என்றால், கெடு முடிந்த மறுநாளிலிருந்தே தாமதக் கணக்கு ஓடும். நகை ஏலத்துக்குப் போகாமலே டிபிடி ஏறிவிடும். கெடுவுக்கு ஒரு வாரம் முன்பே போய்த் திருப்புங்கள். முடியாவிட்டால் வட்டியையாவது கட்டி மாற்றி வைக்க முடியுமா என்று கேளுங்கள். ரசீதில் இருக்கும் கெடுத் தேதியைப் போனில் அலாரமாக வையுங்கள்.

கையில் காசு இருந்தும் அக்கவுண்டில் போடாததால் இஎம்ஐ பவுன்ஸ் ஆவது இன்னொரு வீண் நஷ்டம். ஏற்காட்டில் காப்பியும் மிளகும் விற்றால்தான் பணம் புரளும் என்பவர்கள், மூன்று இஎம்ஐ தொகையைத் தனி அக்கவுண்டில் நிறுத்தி வைப்பது நல்லது. கடன் வாங்கும்போதே அரையாண்டுத் தவணை கிடைக்குமா என்றும் கேட்கலாம்.

கிரெடிட் கார்டில் லிமிட் 1,00,000 என்றால் பாக்கியை 30,000-க்குள் வையுங்கள். பில் போடும் நாளில் உள்ள பாக்கிதான் பெரும்பாலும் பதிவாகும். அதனால் பில்லுக்கு முன்பே ஒரு பகுதியைக் கட்டிவிடுங்கள்.

பாதித் தொகை கட்டி 'செட்டில்' செய்த பழைய கடன் இருந்தால், மீதியைக் கட்டி, கடன் இல்லாச் சான்று வாங்கி, 'குளோஸ்டு' என்று மாற்றச் சொல்லுங்கள். கட்டி முடித்த கடன் இன்னும் பாக்கியாகக் காட்டினால் அறிக்கை எடுத்த தளத்திலேயே டிஸ்ப்யூட், அதாவது பதிவு தவறு என்ற புகார், போடுங்கள். சான்றின் நகல் கையில் இருக்கட்டும். 30 நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி. 'சிபிலை ஏற்றித் தருகிறோம்' என்று காசு கேட்பவர்களிடம் போக வேண்டாம். சரியாகப் பதிவான தாமதத்தை யாராலும் அழிக்க முடியாது.

கடனே வாங்காதவருக்கு ஸ்கோர் -1 என்று வரும். அது குற்றமில்லை, வரலாறு இல்லை என்று பொருள். 20,000 ரூபாய் எஃப்டி போட்டு அதன் பேரில் கார்டு வாங்கி, மாதம் பெட்ரோலுக்கு மட்டும் தேய்த்து முழு பில்லையும் கட்டி வந்தால், சுமார் ஆறு மாதத்தில் ஒரு எண் வந்துவிடும்.