ஒரே மத்ஹப், இரண்டு சட்டங்கள்: முஸ்லிம் சமூகங்களில் பாலினத்தை ஆராய்வது எப்படி

முஸ்லிம் சமூகங்களில் பெண்களின் நிலையை ஆராயப் புறப்படும் சமூகவியல் மாணவர்களில் பலரும் 'இஸ்லாம் பெண்ணுக்கு என்ன உரிமை தருகிறது?' என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறார்கள். மார்க்க அறிஞர்களுக்கு அது உரிய கேள்வி. சமூக ஆய்வையோ அது முதல் அடியிலேயே முடக்கிவிடுகிறது. வெவ்வேறு நிலங்களில், வெவ்வேறு அரசுகளின்கீழ், வெவ்வேறு தொழில்களைச் செய்து வாழும் கோடிக்கணக்கான மக்களுக்கு அது ஒரே விடையை எதிர்பார்க்கிறது. அந்த விடை கிடைத்துவிட்டதாக நம்பிவிட்டால், பிறகு களத்தில் காண்பதெல்லாம் அதற்குச் சான்றாகவோ விதிவிலக்காகவோ மட்டுமே தெரியும். ஆகவே ஆய்வைத் தொடங்குமுன் கேள்வியை மாற்றிக்கொள்ளுங்கள். எப்படி மாற்றுவது என்பதற்கு முனீரா ஷர்ராத் என்ற சமூகவியலாளரின் பணியைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்தவரை வேறில்லை.

அவர் எடுத்துக்கொண்டவை வட ஆப்பிரிக்காவின் மூன்று நாடுகள்: துனிசியா, மொராக்கோ, அல்ஜீரியா. மூன்றிலும் மக்கள் பெரும்பாலும் சுன்னி முஸ்லிம்கள். மூன்றிலும் சுன்னி இஸ்லாத்தின் சட்டப் பள்ளிகளான மத்ஹபுகளில் மாலிக்கி மத்ஹபே வழக்கில் இருந்தது. மூன்றும் பிரான்ஸின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தவை. துனிசியாவும் மொராக்கோவும் 1956 மார்ச் மாதத்தில், சில வார இடைவெளியில் விடுதலை பெற்றன. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டில் துனிசியா வெளியிட்ட குடும்பச் சட்டம் பலதார மணத்தைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. கணவன் தன் விருப்பப்படி தலாக் சொல்லும் உரிமையை நீக்கி, மணவிலக்கை நீதிமன்றத்தின் வழியாக மட்டுமே பெறலாம் என்று விதித்தது. மொராக்கோ 1957 முதல் 1958 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட முதவ்வனா என்னும் சட்டத் தொகுப்போ, பலதார மணத்தையும் கணவனின் தலாக் உரிமையையும் மணப்பெண்ணுக்கு வலி என்னும் ஆண் பாதுகாவலர் வேண்டும் என்ற விதியையும் பெரும்பாலும் பழைய ஃபிக்ஹின்படியே, அதாவது மார்க்கச் சட்ட மரபின்படியே, எழுதி வைத்தது. அல்ஜீரியா 1962இல் விடுதலை பெற்றபோதிலும் அதன் குடும்பச் சட்டம் 1984 வரை இழுபட்டது.

உங்கள் ஆய்வுக்கும் இத்தகைய ஒப்பீட்டையே தேடுங்கள். மதமும் மத்ஹபும் காலனிய வரலாறும் ஒத்திருக்க, விளைவு மட்டும் மாறுபடும் இரண்டு இடங்கள் கிடைத்தால், மாறாத ஒன்றைக் கொண்டு மாறியதை விளக்க இயலாது என்பது தானாகவே புலப்படும். இரண்டு நாடுகளைத் தேட வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஒரே நாட்டின் இரு மாவட்டங்களோ ஒரே ஊரின் இரு தலைமுறைகளோ போதும்.

அடுத்து, ஆராயும் பொருளைக் கையில் பிடிக்கக்கூடிய அளவுக்குச் சுருக்குங்கள். 'பெண்களின் நிலை' என்பது அளக்க முடியாத பரப்பு. மணவயது, வலியின் பங்கு, மஹர் (மணமகன் மணமகளுக்குத் தரும் மணக்கொடை), பலதார மணம், மணவிலக்கு, பிள்ளைகளின் பராமரிப்பு, வாரிசுரிமை என்று பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் சட்டத்தின் வாசகம் எந்த ஆண்டு என்னவாக இருந்தது என்று ஓர் அட்டவணை தயாரியுங்கள். இந்தச் சலிப்பான வேலையைத் தவிர்ப்பவர்கள் பிறகு பெரிய தவறுகளில் விழுகிறார்கள். முன்னேறிய சட்டம் என்று எல்லோரும் சொல்லும் துனிசியச் சட்டமும் வாரிசுரிமையில் மகனுக்கு இரு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்ற விதியை அப்படியே வைத்திருக்கிறது என்பது அட்டவணை போட்டால்தான் கண்ணில் படும். ஒரு துறையில் துணிந்த அரசு மற்றொன்றில் ஏன் தயங்கியது என்ற கேள்வியே ஒரு தனி ஆய்வுக்குப் போதுமானது.

விளக்கத்தைத் தேடும்போது, அந்த அரசு யாரை நம்பி நின்றது என்று கேளுங்கள். ஷர்ராத்தின் விடை இங்கேதான் இருக்கிறது. மொராக்கோவின் முடியாட்சி, நகர்ப்புறத் தேசியக் கட்சியை எதிர்கொள்ள, கிராமப்புறங்களில் உறவுமுறையால் கட்டுண்ட பழங்குடிக் குழுக்களின் ஆதரவைச் சார்ந்திருந்தது. ஆண்வழி உறவினரின் அதிகாரத்தைக் காக்கும் குடும்பச் சட்டம் அந்தக் குழுக்களின் ஒற்றுமைக்கே அடித்தளம். அதைக் கலைக்க அரசனுக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. துனிசியாவில் நடந்தது வேறு. தேசிய இயக்கத்துக்குள் ஹபீப் பூர்கீபாவுக்கும் ஸாலிஹ் பின் யூசுஃபுக்கும் நடந்த போட்டியில், பழங்குடிகளிடமும் மரபுவாத மார்க்கத் தரப்பிடமும் ஆதரவு தேடியவர் பின் யூசுஃப். தொழிற்சங்கத்தின் துணையோடு பூர்கீபா வென்றதும், உறவுக்குழுக்களின் பிடியைத் தளர்த்துவது புதிய அரசுக்கே ஆதாயமாயிற்று. அல்ஜீரியாவில் ஆளும் தரப்புக்குள்ளேயே இரு போக்குகளும் மோதிக்கொண்டதால் சட்டம் இருபது ஆண்டுகளுக்கு மேல் முடங்கிக் கிடந்தது.

இந்த விளக்கத்தில் பலருக்கும் கசக்கும் ஒரு பகுதி உண்டு. துனிசியச் சட்டம் பெண்களின் பெருந்திரள் இயக்கம் ஒன்று போராடிப் பெற்றதன்று, மேலிருந்து வந்தது. நாம் விரும்பும் கதைக்கு ஏற்பச் சான்றுகளை வளைக்காமல் அதை அப்படியே எழுதியதே அந்த ஆய்வின் நேர்மை. அதற்காக, எல்லா இடங்களிலும் அரசே காரணம் என்ற முடிவுக்கும் தாவிவிட வேண்டாம். மொராக்கோவில் 1992இல் பெண்கள் அமைப்புகள் பத்து லட்சம் கையொப்பங்களைத் திரட்டும் இயக்கத்தை நடத்தின. 1993இல் சிறு திருத்தங்களும், 2004இல் மணவயதை இருபாலருக்கும் 18 ஆக்கி, மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்ற விதியை நீக்கிய புதிய சட்டமும் வந்தன. கீழிருந்து எழுந்த அழுத்தத்தை விலக்கிவிட்டு இந்த மாற்றங்களை விளக்க முடியாது.

மார்க்க நூல்களை ஆய்வில் எப்படிக் கையாள்வது? ஒதுக்கவும் கூடாது, அவற்றையே காரணமாகக் கொள்ளவும் கூடாது. யார், எப்போது, எந்த வழக்கில் ஒரு குர்ஆன் வசனத்தையோ ஹதீஸ் என்னும் நபிமொழியையோ எடுத்துக்காட்டுகிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மனைவியரிடையே நீதி செலுத்துவது பற்றிய குர்ஆன் வசனங்களை முன்வைத்தே பூர்கீபாவின் தரப்பு பலதார மணத் தடையை இஜ்திஹாத், அதாவது மூலநூல்களை ஆராய்ந்து புதிதாகத் தீர்வு காணும் முயற்சி, என்று வாதிட்டது. அதே வசனங்களைப் பலதார மணத்துக்கான அனுமதியாகக் கொண்டவர்களும் இருந்தார்கள். மொராக்கோவின் சமூகவியலாளர் ஃபாத்திமா மெர்னீஸி இதை இன்னும் ஆழமாகச் செய்தார். 'தம் காரியங்களைப் பெண்ணிடம் ஒப்படைத்த சமுதாயம் வெற்றி பெறாது' என்ற பொருளுடைய ஹதீஸை எடுத்துக்கொண்டு, அதன் அறிவிப்பாளர் அபூ பக்ரா யார், நபியின் மனைவி ஆயிஷா தோல்வியுற்ற ஜமல் போருக்குப் பின் அது நினைவுகூரப்பட்ட சூழல் என்ன, முன்பு ஒரு வழக்கில் பொய்ச்சாட்சிக்காக அபூ பக்ரா தண்டிக்கப்பட்டது அறிவிப்பாளர் என்ற தகுதியைப் பாதிக்காதா என்று வரிசையாகக் கேட்டார். சாட்சியத்துக்கான தகுதியும் அறிவிப்புக்கான தகுதியும் வேறுவேறு என்பது ஹதீஸ் அறிஞர்களின் மறுப்பு. சமூகவியலாளர் இதில் தீர்ப்பு வழங்கத் தேவையில்லை. இருதரப்பு வாதங்களையும் அவரவர் சொற்களில் பதிவு செய்வதற்கு, முறையாக ஓதிய ஓர் ஆலிமிடமோ ஆலிமாவிடமோ சில மாதங்கள் பாடம் கேட்பது மிகவும் பயன்தரும்.

சட்டத்தின் வாசகம் வாழ்க்கையாகிவிடுவதில்லை என்பதால் களத்துக்குச் செல்லாமல் ஆய்வு முடிவதில்லை. மொராக்கோவின் 2004ஆம் ஆண்டுச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் மணம் செய்ய நீதிபதியின் அனுமதி வேண்டும் என்றது. நடைமுறையில் அத்தகைய விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஏற்கப்பட்டே வந்தன. இதை அறிய நீதிமன்றப் பதிவேடுகளையும் நீதிமன்றத்துக்கு வருவோரையும் நாட வேண்டும். ஈரானைச் சேர்ந்த மானுடவியலாளர் ஸீபா மீர் ஹுஸைனி, ஈரான், மொராக்கோ ஆகிய நாடுகளின் குடும்ப நீதிமன்றங்களில் அமர்ந்து வழக்குகளைக் கவனித்தபோது, பெண்கள் சட்டத்தை எவ்வளவு நுட்பமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கண்டார். ஈரானில் செலுத்தப்படாத மஹரைக் கோரியும், மொராக்கோவில் ஜீவனாம்சத்துக்கு வழக்குத் தொடுத்தும், மணவிலக்குக்கு இணங்காத கணவனை இணங்க வைத்தார்கள். சட்டத்தை மட்டும் வாசித்தவருக்கு இந்தப் பெண்கள் உரிமையற்றவர்களாகவே தெரிவார்கள்.

தமிழ் பேசும் ஆய்வாளருக்கு இது தொலைதூரச் செய்தியாக இருக்க வேண்டியதில்லை. இலங்கையில் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் இயங்கும், முஸ்லிம்களின் மண வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றங்களையும் அந்தச் சட்டத்தைத் திருத்தக் கோரும் முஸ்லிம் பெண்களின் நீண்டகால உழைப்பையும் இதே முறையில் ஆராயலாம். அங்கு மொழி உங்களுக்குத் தடையாகவும் இராது.

நேர்காணலில் கேள்விகளைக் கவனமாக அமையுங்கள். 'உங்களுக்குச் சுதந்திரம் இருக்கிறதா?' என்று கேட்டால், கேட்பவர் விரும்பும் விடையோ அவரை மறுக்கும் விடையோதான் கிடைக்கும். நிக்காஹ் எப்படி முடிவானது, மஹர் எவ்வளவு, அது இப்போது யார் கையில் இருக்கிறது, கடைசியாக வெளியூர் சென்றபோது யாரிடம் சொல்லிவிட்டுச் சென்றார் என்று நடந்தவற்றைக் கேளுங்கள். சொந்தக் கொள்கைக்குப் பொருந்தாத விடைகளையும் மதிக்கப் பழகுங்கள். 1990களின் நடுப்பகுதியில் கெய்ரோவில் பள்ளிவாசல்களில் மார்க்கக் கல்வி பெற்ற பெண்களோடு பழகிய மானுடவியலாளர் ஸபா மஹ்மூத், பணிவையும் நாணத்தையும் தாமே விரும்பிப் பயின்றுகொண்ட அவர்களை ஏமாற்றப்பட்டவர்கள் என்று எழுத மறுத்தார். எதிர்ப்பில் மட்டுமே பெண்ணின் செயலாற்றலைத் தேடும் ஆய்வாளரின் பழக்கத்தையே கேள்விக்கு உள்ளாக்கினார். அவருடைய முடிவுகளோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஏழ்மையும் குடும்ப அழுத்தமும் அவற்றில் போதிய இடம் பெறவில்லை என்றே கருதுகிறேன். ஆனால் அந்தக் கேள்வியைத் தாண்டிச் செல்ல எவருக்கும் வழியில்லை.

கிடைத்த முடிவுகளை இஸ்லாத்துக்கு வெளியேயும் வைத்துப் பாருங்கள். துருக்கியைச் சேர்ந்த தெனிஸ் கந்தியோதி 1988இல் எழுதிய கட்டுரையில், புதுமணப்பெண் மாமியாருக்கு அடங்கி நடப்பதும், மகன்களைப் பெற்று முதுமையில் மருமகள்மீது அதிகாரம் செலுத்துவதுமான அமைப்பு வட ஆப்பிரிக்காவிலும் மத்திய கிழக்கிலும் மட்டுமன்றி இந்தியாவிலும் சீனாவிலும் இருப்பதைக் காட்டினார். உங்கள் களத்தில் கண்ட வழக்கம் அண்டை வீட்டு இந்துக் குடும்பத்திலோ கிறிஸ்தவக் குடும்பத்திலோ அப்படியே இருக்குமானால், அதன் வேரை நில உடைமையிலும் உறவுமுறையிலும் தேட வேண்டியிருக்கும்.

எழுதும்போது பெயரை மாற்றினால் மட்டும் போதாது. ஒரு ஜமாஅத்துக்குள் மணவிலக்கு வழக்கின் விவரங்களைக் கொண்டே அந்தப் பெண் யாரென்று எல்லோரும் அறிந்துவிடுவார்கள். ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றையும் மாற்றி, அவரைப் பற்றிய பகுதியை அவருக்கே வாசித்துக் காட்டி, வேண்டாம் என்று அவர் சொல்வதை நீக்கிவிடுங்கள். அந்தப் பகுதி உங்கள் வாதத்துக்கு எவ்வளவு முக்கியமானதாக இருந்தாலும் இதில் விலக்கு வேண்டாம்.