வேன் ஃபிரிட்ஜுக்குத் தனி பேட்டரி

தாய்லாந்துப் பயணத்துக்காக பினாங்கில் ஒரு பழைய வேன் வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் ஃபிரிட்ஜை இன்ஜின் பேட்டரியிலேயே இணைத்திருந்தார். ராத்திரி ஃபிரிட்ஜ் ஓடினால் காலையில் வண்டி கிளம்பாது. மீட்டரில் 11.6 வோல்ட்; நிறைந்த பேட்டரி 12.6 காட்ட வேண்டும்.

இன்ஜின் பேட்டரி சட்டென்று கரண்ட் தருவதற்கானது. அடிக்கடி வடியவிட்டால் தகடுகள் கெட்டுவிடும். சரி, ஃபிரிட்ஜுக்கென்று டீப் சைக்கிள் பேட்டரி (அடிக்கடி வடியவிட்டாலும் தாங்கும் வகை) ஒன்றைத் தனியாகப் போட்டேன். நடுவில் ஒரு ரிலே, அதாவது தானாக இயங்கும் சுவிட்ச்: இன்ஜின் ஓடி வோல்டேஜ் ஏறினால் இரண்டையும் இணைக்கும், நின்றால் பிரிக்கும். இப்போது காலையில் ஒரே திருகில் கிளம்புகிறது.

ஃபியூஸ் விஷயத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். இரண்டு பேட்டரிக்கும் பக்கத்திலேயே ஒவ்வொன்று வையுங்கள். ஒயர் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்கும்.

அப்புறம், தாய்லாந்துக்குள் ஓட்ட அந்நாட்டு மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ் கட்டாயம். புக்கிட் காயு ஹீத்தாம் எல்லைக்கு முன்பே எடுத்துவிடலாம்.